தழும்போடு எழுந்தவர்

சாம்பல் புதன், இரவு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வர எட்டரை ஆகிவிட்டது. அதற்குள் அம்மா தம்பியை வலப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை கொடுத்திருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படித் திருப்ப வேண்டும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்ற உடம்புக்குத் தான் அழுந்திக் கிடப்பது தெரியாது. எலும்பு துருத்தும் இடத்தில் இரத்த ஓட்டம் நின்று தோல் செத்துவிடும். வால் எலும்பின் மேல் அவனுக்கு வந்த படுக்கைப்புண் இப்போதுதான் கொஞ்சங்கொஞ்சமாக மூடி வருகிறது.

அவன் பெயின்டர். உயரத்தில் நின்று சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்தது. முதுகெலும்பு உடைந்து உள்ளே ஓடும் தண்டுவடம் நசுங்கிவிட்டது. உடைந்த எலும்பு கூடும், தண்டுவடம் கூடாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான் புழங்குகிறது. ஏன்? அம்மா அதை முழங்காலில் நின்று கேட்கிறாள். தம்பி சுவரைப் பார்த்துக் கேட்கிறான். நான் பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில் கேட்கிறேன்.

லெந்து நாட்களில் வழக்கமாக இறைச்சியை விடுவோம். இந்த வருஷம் அதோடு இரவில் கொஞ்சம் எழுதுவது என்று வைத்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் சொல்லி வளர்ந்த விசுவாசம் இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்குமா என்று பார்த்துவிட வேண்டும்.

லெந்து முதல் வாரம், சனி

மத்தியானம் ஒரு ஜெபக்குழு வந்தது. அம்மாவுக்குத் தெரிந்த ஒருவர் கூட்டிவந்திருந்தார். வந்த ஊழியக்காரர் தம்பியின் நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்தார். அதுவரை சரி. பிறகு அவன் இரண்டு கைகளையும் பிடித்து, “எழும்பு தம்பி, விசுவாசத்தோட காலை ஊனு” என்று இழுத்தார். புண் இருக்கிறது, இழுக்காதீர்கள் என்று நான் குறுக்கே போய் நின்றேன். போகும்போது வாசலில் வைத்து அம்மாவிடம் தாழ்ந்த குரலில், “வீட்ல ஏதோ மறைவான பாவம் இருக்கும்மா, இல்லன்னா விசுவாசக் குறைச்சல்” என்றார். சாயங்காலம் முழுவதும் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து தன் பழைய பாவங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். இருபது வருஷத்துக்கு முந்தி கொழுந்தியாளிடம் பேசிய ஒரு கடுஞ்சொல் வரைக்கும் போய்விட்டாள்.

கோபம் தணியாமல் யோபின் புஸ்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள். வந்தவுடன் அவர்கள் செய்த காரியம் நல்ல காரியம்: ஏழு நாள் ராப்பகலாய் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், வாய் திறக்கவில்லை. திறந்த பிறகுதான் கெட்டது. நீ பாவம் செய்தாய், உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், ஒத்துக்கொள், சரியாகும் என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். 42 அதிகாரம் உள்ள புஸ்தகத்தின் கடைசியில் கர்த்தர் கோபப்படுவது யார்மேல்? தம்மைப் பார்த்துக் கத்தி வழக்காடிய யோபின்மேல் இல்லை. தமக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்கள்மேல்.

பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் இயேசுவிடம் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் அவர். இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கும்போது, வேதப் புஸ்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே அந்தக் கேள்வியை வீடு வீடாகத் தூக்கிப்போகிறார்கள். ஊனத்தோடு இருக்கிறவர்களுக்கு நம் சபைகள் செய்யும் கொடுமைகளில் இதுதான் பெரியது என்று நினைக்கிறேன். கால் போனவனிடமிருந்து கடவுளையும் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

யோபின் கடைசி அதிகாரத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “அப்ப கொழுந்தியாட்ட பேசினதுக்கு இல்லையா?” என்றாள். இல்லை என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. சாப்பிட்டாள்.

லெந்து இரண்டாம் வாரம், வியாழன்

சேகரத்து ஐயா வந்திருந்தார். தம்பி அவரிடம் முகம் கொடுக்கவில்லை. அவர் வற்புறுத்தாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கிளம்பும்போது 88ஆம் சங்கீதத்தை மட்டும் வாசித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதியாகத் திரும்பிவிடும். இது ஒன்று திரும்புவதே இல்லை. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. ஆறுதல் சொல்ல வந்த இடத்தில் இதை யார் வாசிப்பார்கள்?

ஆனால் தம்பி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். “இது பைபிள்லயா இருக்கு?” என்று கேட்டான்.

“இருக்கு தம்பி. யாரும் எடுத்துப்போடல.”

மூன்று வாரத்தில் அவன் ஒரு குருவானவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அழுகைக்கும் முறையீட்டுக்கும் இடம் கொடுத்து, அதை ஆராதனைப் பாட்டாகவே தொகுத்து வைத்திருக்கிற மார்க்கம் இது. நாம்தான் துக்க வீட்டிலும் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லி வாயை அடைக்கிறோம். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்துமே இயேசு அவன் கல்லறைக்குப் போகும்போது அழுதார். இன்னும் சில நிமிஷங்களில் தீரப்போகிற துக்கம்தானே என்று அவர் அழாமல் இருந்துவிடவில்லை.

லெந்து மூன்றாம் வாரம், ஞாயிறு

பள்ளிக்கூடத்து டீச்சர்களோடு டோனாவூர் போய் வந்தேன். களக்காட்டுப் பக்கம், மலை அடிவாரத்தில் மரங்களுக்குள் இருக்கும் ஊர். அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல், கோயில்களுக்குப் பொட்டுக்கட்டிவிட இருந்த சிறுமிகளுக்காக அங்கே இல்லம் நடத்தினார். 1931 அக்டோபரில் களக்காட்டில் இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்தார். கால் உடைந்தது, முதுகும் பிசகியது. அதன் பிறகு 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அந்த ஒரு அறைதான்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிள்ளைகளை மீட்ட கதையைத்தான் சொல்வார்கள். எனக்கு இப்போது வேண்டியது அந்த அறை. ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்று 1933இல் ஒரு புஸ்தகம் எழுதினார், நோயாளி நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்கள். நோயாளிகளுக்கென்று வந்து சேர்ந்த ஆறுதல் புஸ்தகங்கள் நல்ல உடம்புக்காரர்கள் எழுதியவை, அவை தனக்குள் இறங்கவில்லை என்பதுதான் அதை எழுதத் தூண்டியது. எவ்வளவு நியாயமான குறை! வலியில் இருக்கிறவருக்கு வலி தெரிந்த கை எது என்று தொட்டவுடன் தெரிந்துவிடும். நானும் நல்ல உடம்புக்காரிதான். தம்பியிடம் நான் சொல்கிற எதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் அம்மாவைக் குறிக்கும் ஒற்றைச் சொல்லை மட்டும் பொறித்திருக்கிறார்கள்.

லெந்து நான்காம் வாரம், செவ்வாய்

தம்பிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். சிறுநீர்த் தொற்று. டியூப் போட்டு சிறுநீர் எடுக்கிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். ராத்திரி கண்விழித்துக் கிடந்தபோது வேலூரில் இருந்த மாதங்களைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். அங்கே பாகாயத்தில், மேரி வர்கீஸ் பெயரில் இருக்கும் மறுவாழ்வு நிலையத்தில்தான் அவன் உட்காரக் கற்றான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கைகளை ஊன்றி அவ்வப்போது உடம்பைத் தூக்கிப் பிடிப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் பலகை வழியே நகர்வது, சொந்தக் கையால் டியூப் போட்டுக்கொள்வது. எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்துத்தான் பாடம். நோயாளியோடு குடும்பத்தையும் பழக்கித்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

மேரி வர்கீஸ் கேரளத்துப் பெண், 1925இல் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் படித்த இளம் டாக்டர். 1954 ஜனவரியில் கூட வேலை பார்க்கும் டாக்டர்களோடு வண்டியில் வெளியூர் போனபோது விபத்து. கன்னத்தில் ஆழமான வெட்டு. தண்டுவடம் நசுங்கி இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. என் தம்பிக்கு நேர்ந்த அதே அடி. அவருக்கும் உடனே ஒளி தோன்றிவிடவில்லை. நீண்ட இருட்டு, அறுவைச் சிகிச்சைகள், தசை இறுக்கம், வலி எல்லாவற்றையும் கடந்துதான் வந்தார்.

அப்போது வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்திக்கொண்டிருந்தார். கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர், மிஷனரிகளின் மகன். நன்றாக இருக்கும் தசைநாரை இடம் மாற்றித் தைத்து, செத்துப்போன விரலுக்கு மறுபடி அசைவு கொடுக்கும் வேலை. கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். அந்த வழியாகத்தான் மேரி சக்கர நாற்காலியோடு அறுவை அறைக்குள் திரும்பிப் போனார். கால் உணர்விழந்த டாக்டர், கை உணர்விழந்த நோயாளிகளுக்கு விரலைத் திருப்பிக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பிவந்து வேலூரில் அந்தத் துறையைக் கட்டினார். 1966இல் நிலையம் திறந்தது. 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் காலமானார்.

இதில் நான் கவனமாக இருக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. இந்த நல்லதெல்லாம் நடப்பதற்காகத்தான் கடவுள் அந்த வண்டியைக் கவிழ்த்தார் என்று ஒரு வாக்கியம் எழுதினால் கதை அழகாக முடிந்துவிடும். நான் அதை எழுதமாட்டேன். பிள்ளையின் முதுகை ஒடித்துத் திட்டம் போடுகிற தகப்பனை என்னால் பிதாவே என்று கூப்பிட முடியாது. ஒடிந்த இடத்தில் அவர் வந்து நின்றார், ஒடிந்ததை வைத்து அவளோடு சேர்ந்து வேலை செய்தார், இதைச் சொல்வேன்.

பால் பிராண்டும் இதற்குப் பக்கத்தில் வருகிறார். தொழுநோயாளிகளின் விரல்கள் குறுகிப்போவது நோயால் தானாக நடப்பதல்ல, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் இழப்பதே என்று அவர் கண்டுபிடித்துச் சொன்னார். வலி ஒரு வரம் என்று பிற்காலத்தில் எழுதினார். உடம்பைப் பொறுத்தவரை அது எவ்வளவு உண்மை என்பதைத் தம்பியின் புண்ணைக் கழுவுகிற எனக்குச் சொல்லவேண்டியதில்லை. உறுத்தியிருந்தால் அவன் புரண்டிருப்பான். ஆனால் இதை நீட்டி, எல்லாத் துன்பமும் வரம் என்று பேசத் தொடங்கினால் நான் எழுந்து போய்விடுவேன்.

விடியற்காலை காய்ச்சல் இறங்கியது. “மேரி டாக்டரம்மாவுக்கும் இந்த மாதிரி காய்ச்சல் வருமாக்கா?” என்று கேட்டான். கட்டாயம் வந்திருக்கும் என்றேன்.

லெந்து ஐந்தாம் வாரம், வெள்ளி

ஐயா கொடுத்த புஸ்தகம் ஒன்றைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிறேன். அவர் அரசரடி இறையியல் கல்லூரியில் படித்தவர், அந்நாளில் வாங்கியதாம். யூர்கன் மோல்ட்மன் என்ற ஜெர்மானியர் எழுதியது. 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரத்தின்மேல் குண்டுமழை பொழிந்தபோது அவர் பதினேழு வயதுப் பையன். பக்கத்தில் நின்றிருந்த நண்பன் குண்டில் சிதறினான், இவர் பிழைத்தார். பக்தியான வீட்டில் வளர்ந்தவரும் இல்லை. அந்த இரவில் முதல்தடவையாகக் கடவுளைக் கூப்பிட்டிருக்கிறார், எங்கே இருக்கிறீர் என்று. பிறகு போர்க்கைதியாக ஸ்காட்லாந்து முகாமில் இருந்தபோது கைக்கு ஒரு வேதாகமம் கிடைத்தது. புலம்பல் சங்கீதங்களையும், மாற்கு சுவிசேஷத்தில் சிலுவையில் இயேசு எழுப்பிய கூக்குரலையும் வாசித்து, என்னைப் புரிந்துகொள்கிற ஒருவர் இருக்கிறார் என்று கண்டுகொண்டார். 1964இல் நம்பிக்கையின் இறையியலையும், 1972இல் சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றியும் எழுதியவர் அவர்.

பல பக்கங்கள் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்ட ஒன்று போதும். நாங்கள் இத்தனை மாதமாக ஏன் என்று கேட்டுக் கேட்டுச் சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பையன் எங்கே என்று கேட்டான். அதற்குப் பதில் உண்டு. எருசலேமுக்கு வெளியே ஒரு மரத்தில், அடிபட்டு, தாகத்தோடு. கடவுளைத் தேடவேண்டிய இடம் அது என்றால் எங்கள் வீட்டுக் கட்டில் அவருக்குத் தூரமில்லை.

குருத்தோலை ஞாயிறு

தெருவில் ஓசன்னா பாடிக்கொண்டு பவனி போனது. பிள்ளைகள் வாசலில் நின்று தம்பிக்கு ஓலைச் சிலுவை கொடுத்துவிட்டுப் போனார்கள். வாலிபர் சங்கத்துப் பையன்கள், “அண்ணே, நாற்காலியோட தூக்கிட்டுப் போறோம், ஆலயத்துக்கு வாங்க” என்றார்கள். ஆலய வாசலில் நாலு படி. அவன் மறுத்துவிட்டான்.

அவர்கள் போனபிறகு என்னிடம் சொன்னான்: “நாலு பேரு தூக்கிட்டுப் போறது ஒரே ஒரு தடவ போதும்க்கா.”

அம்மா காதில் விழாமல் இருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பெரிய வெள்ளி

பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை ஏழு வார்த்தைத் தியானம். இந்த வருஷம் அம்மாவை அனுப்பிவிட்டு நான் வீட்டில் இருந்தேன். ஒலிபெருக்கி இருப்பதால் எல்லாம் கேட்கும். நல்ல வெயில். தம்பி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான், தூங்குகிறான் என்று நினைத்தேன். ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற நாலாம் வார்த்தை வந்தபோது கண்ணைத் திறந்தான்.

“எக்கா, அவரே ஏன்னுதான கேட்டிருக்காரு.”

“ஆமா.”

“பதில் வந்துச்சா?”

“அன்னைக்கு வரல.”

கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப நான் கேக்குறது தப்பில்ல” என்றான். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஊழியக்காரர் இழுத்துவிட்டுப் போன பிறகு அவன் மனசுக்குள் எதை வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான் என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது. கேட்பதே பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பரிசுத்த சனி

ஆலயத்தில் இன்று ஒன்றுமில்லை. புண்ணுக்குக் கட்டு மாற்றினேன். சுற்றிலும் சிவப்பாகப் புதுச் சதை வளர்ந்திருக்கிறது.

ஈஸ்டர் ஞாயிறு, மத்தியானம்

அதிகாலை நாலரைக்கு ஆராதனை. அதற்கு முன்னால் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போனோம். ஆலயம் கொள்ளாத கூட்டம், புதுத்துணி வாசம். திரும்பி வந்ததும் தம்பிக்கு யோவானின் 20ஆம் அதிகாரத்தை நான்தான் வாசித்தேன், அவன் கேட்டு. தோமா வரும் இடம்.

எத்தனையோ ஈஸ்டருக்குக் கேட்ட பகுதி. மரணத்தை ஜெயித்து எழுந்த உடம்பில் ஆணி அடித்த ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. விலாவில் கை போடுகிற அளவுக்குக் காயம் இருக்கிறது. பூட்டிய அறைக்குள் வருகிற உடம்பு, சாவு இனித் தொட முடியாத உடம்பு, ஆனால் தழும்பு போகவில்லை. நானாயிருந்தால் முதலில் அதைத்தான் அழித்திருப்பேன். அவர் அதைக் காட்டித்தான் தாம் யார் என்று சொல்கிறார். பட்ட பாடு நடக்காதது போல ஆகிவிடும் என்பதில்லை உயிர்த்தெழுதல். பட்ட பாட்டோடு எழுகிறார், பாட்டுக்கு இனி அவர்மேல் அதிகாரம் இல்லை. ஆத்துமா மட்டும் எங்கேயோ பறந்துபோய்த் தப்பித்துக்கொள்ளும் என்றிருந்தால் என் தம்பியின் உடம்புக்கு அதில் ஒரு செய்தியும் இல்லை. சரீரம் எழும் என்று ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோம். இந்த இடுப்பும் இந்தக் கால்களும் கடவுளுக்கு வேண்டும். அதனால்தான் இதைக் கழுவுவதும் திருப்புவதும் வீண் வேலை இல்லை.

“அப்ப நான் அங்க நடப்பேனாக்கா?”

“நடப்பேன்னுதான் நம்புறேன்டா. எப்படின்னு எனக்குத் தெரியாது.”

“தெரியாதுன்னே சொல்லு. அது பரவால்ல.”

பிறகு பிரியாணி கேட்டான்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம், வெள்ளி

சேகரக் கமிட்டியில் ஆலய வாசலுக்குச் சாய்தளம் வேண்டும் என்று மனு கொடுத்திருந்தேன். இன்று கூப்பிட்டிருந்தார்கள். அம்மாவும் கூட வந்தாள். ஒருவர், “ஒரு ஆளுக்காகவா இவ்வளவு செலவு?” என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, கணக்கு பார்க்கிறவர். நான் பதில் சொல்ல எழுவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். முழங்கால் தேய்ந்து ஆலயத்துக்கு வருவதை நிறுத்திய பாட்டிகளின் பேர்களைத் தெரு வாரியாகச் சொன்னாள். பக்கவாதம் வந்த உபதேசியார், டயாலிசிஸுக்குப் போகிற பையன், பிள்ளைவண்டியைப் படியில் தூக்கிக்கொண்டு ஏறுகிற மருமக்கள்மார். நிறுத்தச் சொன்ன பிறகுதான் நிறுத்தினாள். ஐயா சிரித்துக்கொண்டே, வரைபடம் கொண்டுவாருங்கள் என்றார்.

வரைபடம் ஏற்கெனவே இருக்கிறது. செவ்வாய்க்கிழமையிலிருந்து தம்பி பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுக்கொண்டிருக்கிறான். படி ஒன்று அரையடி, நாலு படிக்கு இரண்டடி உயரம். ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது வேலூரில் படித்தது. ஆக இருபத்துநாலடி. நேராக இறக்கினால் கேட்டைத் தாண்டிப் போகும், நடுவில் ஒரு திட்டு கட்டி மடக்க வேண்டும். அகலம் நாலடி. டைல்ஸ் கூடவே கூடாது, மழையில் வழுக்கும். சொரசொரப்பாய் சிமென்ட் பூச்சு. கைப்பிடி இரண்டு பக்கமும். கட்டட வேலை தெரிந்தவன் என்பதால் செங்கல், ஜல்லி, மணல், கூலி எல்லாம் தனித்தனியாக எழுதியிருந்தான்.

“ஞாயித்துக்கெழம நானே கொடுத்து நானே விளக்கணும்” என்றான். “கொத்தனாரு டைல்ஸ் போடலாம்னு சொல்லுவாரு. நீ விட்டுக்கொடுத்துருவ.”

நாலு படி இருக்கிறதே என்று அம்மா மெல்லக் கேட்டாள்.

“கட்டி முடிக்கிற வரைக்கும் அந்தப் பையங்களத் தூக்கச் சொல்லுங்கம்மா. நாற்காலியில பிரேக் போட்டுட்டுத் தூக்கணும், அத மட்டும் சொல்லிருங்க.”